திரையில் தெரியும் பிரிட்டன் யாருடையது?

1. கல்லணைவாசி எழுதியது

அனைவருக்கும் வணக்கம். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் ‘டவுன்டன் ஆபி’ தொடரை முதல் பகுதியிலிருந்து பார்த்து முடித்தேன். மேல்தளத்தில் பிரபு குடும்பம், கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள், எசமானர் கையில் மை ஒட்டிவிடக் கூடாது என்று நாளிதழுக்கு இஸ்திரி போடும் பணியாள் என்று ஓர் உலகம். அது முடிந்த கையோடு, 1940-இல் பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பித்ததைச் சொல்லும் ‘டன்கர்க்’ படத்தைப் பார்த்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததால்தான் இந்தக் கேள்வி எழுந்தது. பிரிட்டன் தன்னைப் பற்றித் திரையில் சொல்லிக்கொள்ளும் போதெல்லாம் ஒன்று பழைய மாளிகைக்குள் நுழைகிறது, இல்லையென்றால் 1940-ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடுகிறது. இடைப்பட்ட காலமும், அதற்குப் பிந்தைய எண்பது ஆண்டுகளும், அந்த நாட்டின் மற்ற மனிதர்களும் எங்கே போனார்கள்?

அது ஏற்றுமதிக்கென்று தயாரித்த சரக்கு என்பது என் கருத்து. 1940-இல் லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ‘லண்டன் கேன் டேக் இட்’ என்ற குறும்படத்தை அரசின் படப்பிரிவு எடுத்தது. அதில் வரும் குரல் லண்டன்காரருடையது அன்று. குவென்டின் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தம்மை நடுநிலைச் செய்தியாளர் என்று சொல்லிக்கொண்டு பேசுகிறார். அமெரிக்காவைப் போருக்குள் இழுக்க வேண்டியிருந்த காலம் அது. கலங்காத, அலட்டிக்கொள்ளாத, மறுநாள் காலையில் பால் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுப் போகிற ஆங்கிலேயன் என்ற பிம்பம் அமெரிக்கப் பார்வையாளருக்காகச் செதுக்கப்பட்டது. எழுபது ஆண்டு கழித்து வந்த ‘டவுன்டன் ஆபி’யைத் தயாரித்த நிறுவனமும் ஓர் அமெரிக்கக் குழுமத்துக்குச் சொந்தமானது, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி அதற்குப் பங்குதாரர்.

ஈலிங் படப்பிடிப்புத் தளம் 1955-இல் பி.பி.சி.க்கு விற்கப்பட்டபோது அங்கே ஒரு கல்வெட்டைப் பதித்தார்கள். பிரிட்டனையும் பிரிட்டிஷ் குணத்தையும் எடுத்துக்காட்டிய பல படங்கள் கால் நூற்றாண்டுக் காலம் இங்கே உருவாயின என்பது அதன் சாரம். தன் குணத்தைத் தானே கல்லில் வெட்டி வைத்துக்கொள்ளும் ஒரு சினிமாவை எவ்வளவு தூரம் நம்பலாம்? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

2. மணிமுத்தாறு எழுதியது

ஐயா, கேள்வி நன்று. விடையில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. பிம்பம் வெளியாருக்காகச் செய்யப்பட்டது என்கிறீர்கள். அதைச் செய்தவர்களே வெளியார் என்பதை விட்டுவிட்டீர்கள். எட்டாம் ஹென்றியைப் பற்றிய 1933-ஆம் ஆண்டுப் படத்தின் மூலம் பிரிட்டிஷ் சினிமாவை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அலெக்சாண்டர் கோர்டா ஹங்கேரியர். ஜேம்ஸ் பாண்ட் படங்களைத் தொடங்கியவர்களில் பிராக்கலி அமெரிக்கர், சால்ட்ஸ்மன் கனடாவில் பிறந்தவர். ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ போன்ற, ஆங்கிலேயரே பார்த்து ஏங்கும் மாளிகைப் படங்களைத் தந்த மூவரில் இஸ்மாயில் மெர்ச்சன்ட் பம்பாய்க்காரர், ஜேம்ஸ் ஐவரி அமெரிக்கர், திரைக்கதை எழுதிய ரூத் பிராவர் ஜாப்வாலா ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். டெல்லியில் குடும்பம் நடத்தியவர். நீங்கள் குறிப்பிட்ட ஈலிங் தளத்தின் நகைச்சுவைப் படங்களில் ‘தி லேடிகில்லர்ஸ்’ கதையைக் கனவில் கண்டு எழுதிய வில்லியம் ரோஸும் அமெரிக்கரே.

இது வெறும் தகவல் துணுக்கு என்று கடந்துவிட முடியாது என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். பவல், பிரெஸ்பர்கர் இருவரும் 1943-இல் எடுத்த ‘கர்னல் பிளிம்ப்’ படத்தில் தியோ என்ற வயதான ஜெர்மானியர், அகதியாகப் பதிவுசெய்துகொள்வதற்காக ஓர் அதிகாரியின் முன் உட்கார்ந்திருக்கிறார். ஏன் இங்கிலாந்துக்கு வந்தீர்கள் என்பது கேள்வி. அவர் தம் ஆங்கில மனைவியைப் பற்றிச் சொல்கிறார். நாஜிகளாகிவிட்ட பிள்ளைகள் தாயின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை என்கிறார். இளமையில் தாம் பார்த்த அந்த நாட்டின் பசுமை நினைவுக்கு வந்ததைச் சொல்கிறார். காமிரா அவர் முகத்தை விட்டு நகராமல் நிற்க, சில நிமிடங்கள் அந்தப் பேச்சு நீள்கிறது. நடித்த ஆன்டன் வால்புரூக் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர். எழுதிய பிரெஸ்பர்கர் ஹங்கேரிய யூதர். போர்க்காலத்தில் ‘பகை நாட்டுக்காரர்’ பட்டியலில் இருந்தவர். இங்கிலாந்தைப் பற்றி அதைவிட உருக்கமான பேச்சு எந்த ஆங்கிலேயர் எடுத்த படத்திலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சர்ச்சில் அந்தப் படத்தைத் தடுக்க முயன்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு விரும்பிய ஏற்றுமதிச் சரக்காக அது இருந்திருந்தால் அவர் ஏன் முட்டுக்கட்டை போட்டிருக்க வேண்டும்?

3. ஹாரோ வாணி எழுதியது

இருவரும் எழுதியதை ஆர்வத்துடன் வாசித்தேன். நான் இலங்கையிலிருந்து வந்து இருபது வருடங்களுக்கு மேலாக வடமேற்கு இலண்டனில் வசிப்பவள் என்பதால் ஒரு சிறு மனத்தாங்கலோடு எழுதுகிறேன். உங்கள் உரையாடலில் ‘உள்ளே இருப்பவர்’ வெள்ளையர், ‘வெளியார்’ ஐரோப்பியரும் அமெரிக்கரும். உள்ளேயே இருந்துகொண்டு திரையில் மட்டும் இல்லாமல் போனவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

இலண்டன் பேட்டை ஒன்றின் பெயரில் ‘நாட்டிங் ஹில்’ என்று 1999-இல் ஒரு காதல் படம் வந்தது. கூச்ச சுபாவமுள்ள புத்தகக் கடைக்காரருக்கும் அமெரிக்க நடிகைக்கும் இடையிலான கதை, உலகமெங்கும் ஓடியது. பிரித்தானிய ஆண் என்றால் தலைமுடியைக் கோதிக்கொண்டு வார்த்தைகளை விழுங்குபவன் என்ற எண்ணத்தை அது நிலைநிறுத்தியது. அந்தப் படத்தில் சந்தைத் தெருவில் நான்கு பருவங்களும் மாறி மாறி வர, நாயகன் நடந்துகொண்டே இருக்கிறான். அந்தத் தெருவில் கறுப்பினத்தவரைத் தேடித்தான் காண வேண்டும். 1958-இல் இனக் கலவரம் நடந்த பேட்டை அது. கரீபிய மக்களின் மாபெரும் திருவிழா ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடக்கும் பேட்டையும் அதுவே.

அந்தச் சந்தைத் தெருவிலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில் ஆல் செயின்ட்ஸ் சாலை இருக்கிறது. டிரினிடாட்டில் பிறந்த ஃபிராங்க் கிரிச்லோ 1968-இல் அங்கே ‘மாங்குரோவ்’ என்ற உணவகத்தைத் திறந்தார். பொலிஸார் அதைத் திரும்பத் திரும்பச் சோதனையிட்டார்கள். எதிர்த்து 1970-இல் ஊர்வலம் போனவர்களில் ஒன்பது பேர்மீது கலகம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். அந்தக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலையானார்கள். இந்தக் கதையை ஸ்டீவ் மக்குயின் 2020-இல் பி.பி.சி.க்காகப் படமாக்கினார். அதில் ஒரு சோதனை முடிந்ததும் சமையலறைத் தரையில் ஒரு வடிதட்டு மட்டும் உருண்டு ஆடிக்கொண்டிருக்கும். ஆள் இல்லை, வசனம் இல்லை. ஆட்டம் அடங்கும்வரை காமிரா அதையே பார்த்துக்கொண்டிருக்கும். என் வீட்டுச் சமையலறையில் இருப்பதும் அதே மாதிரி வடிதட்டுதான். இருபது வருடத்தில் இந்த நாட்டைப் பற்றிய ஒரு படத்தில் என் வீட்டுப் பொருள் ஒன்றை முக்கியமான இடத்தில் கண்டது அன்றுதான்.

4. கிளாஸ்கோ குமரன் எழுதியது

வாணி அக்கா சொன்னதற்கு நன்றி. இன்னொரு கணக்கும் விடுபட்டிருக்கிறது. முதல் பதிவின் தலைப்பில் ‘பிரிட்டன்’ என்று இருக்கிறது, உள்ளே ‘ஆங்கிலேயன்’ என்று இருக்கிறது. தமிழில் நாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். சென்னையில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர் என்பது தெரியாமலேயே அவரை ஆங்கிலேய ஆளுநர் என்கிறோம். அந்தத் தவறை இங்கே பக்கத்து வீட்டாரிடம் செய்து பாருங்கள், முகம் மாறிவிடும்.

ஸ்காட்லாந்தின் திரைப் பிம்பமும் பெரும்பாலும் பிறர் கட்டியதே. ஆங்கிலேயரை எதிர்த்த ஸ்காட்லாந்து வீரரைப் பற்றிய ‘பிரேவ்ஹார்ட்’ (1995) ஹாலிவுட் படம். போர்க்களக் காட்சிகள் அயர்லாந்தில், அந்நாட்டுச் சேமப்படை வீரர்களை வைத்து எடுக்கப்பட்டன. வரலாற்றுப் பிழைகள் மலிந்த படம். ஆனாலும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி திரையரங்கு வாசல்களில் துண்டறிக்கை கொடுத்தது. 1997 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்றார்கள். படம்தான் வாக்கை மாற்றியது என்று சொல்லும் அளவுக்கு நான் போகமாட்டேன். அந்தக் கோரிக்கைக்கு வயது அதிகம். ‘பிரேவ்ஹார்ட்’டுக்கு அடுத்த ஆண்டே வந்த ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ அந்த வீர முழக்கத்தின் காற்றைப் பிடுங்கிவிட்டது. நான்கு இளைஞர்கள் கோரூர் என்ற தனித்த ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். எதிரே சுற்றுலா விளம்பரத்தில் வரும் அதே மலை. வா ஏறலாம், ஸ்காட்டிஷ்காரன் என்பதில் உனக்குப் பெருமை இல்லையா என்று ஒருவன் கேட்க, நாயகன் அங்கேயே நின்று தன் இனத்தைத் திட்டித் தீர்க்கிறான். நம்மை ஆள்வதற்கு இவர்களைவிட நல்லவர்கள்கூடவா கிடைக்கவில்லை என்பது அவன் குமுறல். மலையேறாமலே திரும்பிவிடுகிறார்கள்.

வேல்ஸ் கதை இன்னும் கூர்மையானது. வேல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி அலைவரிசை தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, வேல்ஸ் தேசியக் கட்சித் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ் 1980-இல் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார்; தாட்சர் அரசு இறங்கி வந்தது. 1982-இல் தொடங்கிய அந்த அலைவரிசைக்காக உருவானதுதான் ‘ஹெட் வின்’ படம். ஹெட் வின் என்ற பெயரில் எழுதிய எல்லிஸ் எவன்ஸ் என்ற விவசாயக் குடும்பத்துக் கவிஞர் 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியப் போர்முனையில் இறந்தார். ஆறு வாரங்களுக்குள் நடந்த தேசியக் கவிதைப் போட்டியில் அவர் பாட்டே வென்றது. வெற்றியாளர் போட்டிக்குத் தந்திருந்த புனைபெயரைச் சொல்லி அழைத்தபோது வர ஆளில்லை. பரிசு நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். பிரிட்டனுக்காக இறந்த பிரிட்டிஷ் கவிஞரைப் பற்றி, பிரிட்டனிலேயே பேசப்படும் மிகப் பழைய மொழிகளுள் ஒன்றில் எடுத்த இந்தப் படம் ஆஸ்கரில் போட்டியிட்டது எந்தப் பிரிவில் தெரியுமா? அயல்மொழிப் படம்.

5. கல்லணைவாசி எழுதியது

தம்பி குமரன், ‘ஆங்கிலேயன்’ என்று எழுதியது என் பிழையே. ஆனால் அந்தப் பிழையை அவர்கள் படங்களும் செய்கின்றன. ஈலிங் எடுத்த ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’வில் (1949) வெடிக்காத குண்டு ஒன்று வெடித்ததும் பழைய ஆவணம் கிடைக்கிறது, லண்டனின் ஒரு தெருப்பகுதி சட்டப்படி பர்கண்டி நாட்டுக்குச் சொந்தம் என்று தெரியவருகிறது. ரேஷன் அட்டையைக் கிழித்துப் போட்டுக் கொண்டாடுகிறார்கள். அப்போது ஒரு பெண்மணி சொல்கிறார்: நாங்கள் ஆங்கிலேயர்களாக இருப்பதால்தான் பர்கண்டிக்காரர்களாக இருக்கும் உரிமைக்காக மல்லுக்கு நிற்கிறோம். அவர் வாயிலும் ‘பிரிட்டிஷ்’ வரவில்லை. கடைசியில் ரேஷன் அட்டை திரும்பி வருகிறது, கூடவே மழையும் வருகிறது, எல்லாரும் நிம்மதியடைகிறார்கள். இந்த நகைச்சுவையை நான் ரசிக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘டன்கர்க்’ விஷயத்தில் மட்டும் இறங்கிவர மாட்டேன். பிரிட்டிஷ் இந்தியப் படையின் கோவேறு கழுதைப் பிரிவுகள் நான்கு 1939 டிசம்பரில் பிரான்சுக்குப் போயின. பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். டன்கர்க் கரையில் அவர்களும் நின்றார்கள். படத்தில் ஒரு முகம்கூட இல்லை.

6. மணிமுத்தாறு எழுதியது

இல்லாததை எல்லாம் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது ஐயா. ‘டன்கர்க்’ சில தனி மனிதர்களின் ஒரு வாரம், ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று பின்னப்பட்ட படம். அதில் சர்ச்சிலும் இல்லை, ஜெர்மானியர் முகமும் ஏறக்குறைய இல்லை. சில லட்சம் பேர் நின்ற கரையில் அந்தச் சில நூறு பேர் சட்டகத்துக்குள் வராமல் போனதை மறைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அதே ஆண்டு வந்த ‘டார்க்கஸ்ட் ஹவர்’ செய்ததுதான் எனக்கு உறுத்தியது. சர்ச்சில் சுரங்க ரயிலில் ஏறி மக்களிடம் கருத்துக் கேட்பதாக, நடக்காத ஒன்றைக் கற்பனையாகச் சேர்த்தார்கள். அந்தப் பெட்டியில் ஒரு கரீபிய இளைஞர் இருக்கிறார். சர்ச்சில் தொடங்கும் மெக்காலே கவிதையை அவர் முடித்து வைக்கிறார். ஆள் இருக்கிறார், ஆனால் ஆமோதிப்பதற்காக மட்டுமே. கல்வி பற்றி மெக்காலே எழுதிய குறிப்பை வகுப்பில் நடத்துகிற எனக்கு அந்தக் கவிதைத் தேர்வு சிரிப்பையே வரவழைத்தது.

7. அல்லிக்குளம் எழுதியது

இருப்பவர்களை எப்படிச் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு வந்ததால் ‘பிரிஜர்டன்’ இரண்டாம் பருவத்தையும் (2022) சொல்லிவிடுகிறேன். நாயகியாக நடித்த சிமோன் ஆஷ்லி தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் பிரபுக்களின் உலகில் அவர் தந்தையை ‘அப்பா’ என்று குறிப்பிட்டபோது எங்கள் விடுதி அறையில் நான்கு பேரும் கூச்சலிட்டோம். கொஞ்ச நேரத்தில் தங்கையை வங்காளத்தில் ‘போன்’ என்கிறார். தங்கை இவரை இந்தியில் ‘தீதி’ என்கிறார். ஒரே வீட்டில் மூன்று மொழி! அவர்கள் குடும்பம் எந்த ஊர் என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்காது. அந்தத் தொடரும் அமெரிக்க நிறுவனத்துடையதே என்பது கல்லணைவாசி ஐயாவின் கட்சிக்கு வலுச்சேர்க்கும்.

8. பச்சைத்திரை எழுதியது

வரைகலைத் துறையில் சில ஆண்டுகள் லண்டனிலும் இப்போது சென்னையிலும் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு நடைமுறைத் தகவல். ‘பிரிட்டிஷ் படம்’ எது என்பதற்கு அங்கே மதிப்பெண் பட்டியலே உண்டு. வரிச் சலுகை வேண்டும் என்றால் படம் ‘பண்பாட்டுத் தேர்வு’ ஒன்றில் தேற வேண்டும். மொத்தம் 35 புள்ளிகள். 18 எடுத்தால் தேர்ச்சி. கதை எங்கே நடக்கிறது, முக்கியப் பாத்திரங்கள் எந்த நாட்டவர், வசனம் எந்த மொழி, படப்பிடிப்பும் வரைகலையும் எங்கே நடந்தன, வேலை செய்தவர்கள் யார் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. குமரன் சொன்ன வேல்ஷ் மொழிக்கும் ஆங்கிலத்தைப் போலவே புள்ளி கிடைக்கும் என்பதை அவருக்கு ஆறுதலாகச் சொல்லலாம்.

இதன் விளைவு விசித்திரமாக இருக்கும். மெக்சிகோ இயக்குநர், அமெரிக்க நடிகர்கள், ஹாலிவுட் பணம், கதை நடப்பது விண்வெளியில். ஆனாலும் ‘கிராவிட்டி’ 2014-இல் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. லண்டனைச் சுற்றியுள்ள தளங்களில் படமாக்கி, லண்டனில் வரைகலை செய்து, பிரிட்டிஷ் தயாரிப்பாளரின் பெயரோடு வந்தது அது. அறிஞர்கள் தேசிய குணம் என்று பேசுவது எங்கள் தொழிலில் பெரும்பாலும் ரசீதுகளின் கூட்டல். இதை எளக்காரமாகச் சொல்லவில்லை. அந்தச் சலுகை இல்லாவிட்டால் எனக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

9. ஹாரோ வாணி எழுதியது

பச்சைத்திரை தம்பியின் பதிவைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். படத்துக்கு 18 புள்ளி என்றால் மனிதருக்கும் அதே 18தான். குடியுரிமைக்கு முன் நாங்கள் எழுதும் ‘ஐக்கிய இராச்சிய வாழ்க்கை’த் தேர்வில் 24 கேள்விகள், 45 நிமிடங்கள், 18 சரியாக இருந்தால் தேறலாம்.

நான் எழுதியது 2015-இல். அதற்கான கையேட்டில் புகழ்பெற்ற பிரித்தானியத் திரைப்படங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, படங்களின் பெயரையும் ஆண்டையும் இயக்குநரையும் தேவாரம் மாதிரி உருப்போட்டேன். ஒன்றையும் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால் அந்தப் பட்டியலே உங்கள் விவாதத்துக்கு ஒரு சாட்சியம். ‘தி தேர்ட் மேன்’ வியன்னாவில் நடக்கிறது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ பாலைவனத்தில். ‘டோன்ட் லுக் நவ்’ பெரும்பாலும் வெனிஸில், ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ கம்போடியாவில், ‘டச்சிங் த வாய்ட்’ பெருவின் பனிமலையில். உள்ளே வர விரும்புகிறவரிடம் உள்நாட்டைக் காட்டாத படங்களைக் கேட்கிறார்கள். கறுப்பினத்தவரோ ஆசிய வம்சாவளியினரோ இந்த நாட்டில் எடுத்த படம் ஒன்றுகூட அதில் இல்லை.

பெரு என்றதும் இன்னொன்று. என் இளைய மகனுக்காகப் பார்த்த ‘பாடிங்டன்’ (2014) கரடியும் பெருவிலிருந்து ஆவணமில்லாமல் கப்பலில் ஒளிந்து வந்தது. அது இலண்டனுக்குள் நுழையும்போது தெருவோரக் குழு ஒன்று கலிப்சோ என்ற கரீபியப் பாட்டைப் பாடுகிறது. 1948 ஜூனில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேற வந்தவர்களை ஏற்றிய ‘விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரியில் நின்றபோது டிரினிடாட் பாடகர் லார்ட் கிச்சனர் செய்திப்படக் காமிராவின் முன் பாடிய அதே பாட்டு அது. அந்தக் கப்பல் தலைமுறையில் பலரை 2018-இல் ஆவணம் எங்கே என்று கேட்டு இந்நாட்டு அரசு அலைக்கழித்தது வெளிவந்தது. மூன்றாவது படத்துக்காக உள்துறை அமைச்சகம் கரடிக்கு மாதிரிக் கடவுச்சீட்டு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்ததாகச் செய்தியில் வாசித்தேன். என் மகன் குதூகலித்தான். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். அந்தச் செய்திதான் தொண்டையில் நின்றது.

10. கல்லணைவாசி எழுதியது

வாணி அம்மா, தேர்வுக்காக உருப்போட்ட அந்தப் படங்களில் பிறகு எதையாவது பார்த்தீர்களா? மணிமுத்தாறு சொன்ன அகதியின் காட்சியை நேற்றிரவு தேடிப் பார்த்தேன். இருமுறை பார்த்தேன். ஏற்றுமதிச் சரக்கு என்ற என் சொல் அந்தக் காட்சிக்குப் பொருந்தாது. மாளிகைத் தொடருக்கு இன்னமும் பொருந்தும்.

11. ஹாரோ வாணி எழுதியது

மூன்று பார்த்தேன். முதலில் பார்த்தது ‘தி தேர்ட் மேன்’. அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் அமெரிக்க நண்பனைத் தேடுகிறார், துரத்தல் வியன்னாவின் கழிவுநீர்ச் சுரங்கத்தில் முடிகிறது. இதில் பிரித்தானியா எங்கே என்று கணவர் கேட்டார். அதில் ஒரு பெண் போலிக் கடவுச்சீட்டோடு வாழ்கிறாள். வீட்டைச் சோதனையிட்டு அதை எடுத்துக்கொண்டு போகிற அதிகாரியைக் காட்டி, இவர்தான் என்றேன்.